ஸ்பீக்கர் டிரைவரை மாற்றும் முன் மீட்டர் வையுங்கள்

அப்பாவின் பழைய 8 ஓம் ஸ்பீக்கரில் ஓரத்து ஃபோம் உதிர்கிறது, கிருஷ்ணகிரி கடையில் 4 ஓம் டிரைவர்தான் (பெட்டிக்குள் சத்தம் எழுப்பும் கூம்பு பாகம்) இருக்கிறது, போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணா. அதே வால்யூமில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், பழைய ஆம்ப்ளிஃபயர் சூடாகித் தொலையும்.

முதலில் காயிலில், அதாவது கூம்பின் பின்னால் இருக்கும் கம்பிச் சுருளில், மல்டிமீட்டர் வையுங்கள். 6 ஓம் பக்கம் காட்டினால் பயப்படாதீர்கள், 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் அப்படித்தான் காட்டும். கூம்பை இரு கை விரல்களாலும் சமமாக அழுத்துங்கள். உரசல் இல்லையா? ஃபோம் வளையம் மட்டும் மாற்றினால் போதும். ஊர் மைக்செட்காரரைக் கேளுங்கள், ரிப்பேர் செய்பவரை அவருக்குத் தெரியும். நான் தர்மபுரியில் அப்படித்தான் ஆளைப் பிடித்தேன்.

காயில் கருகியிருந்தால்தான் புது டிரைவர். அதுவும் 8 ஓம், ஜோடியாக. அப்புறம், 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டு இரண்டு கூம்பும் ஒரே பக்கம் நகர்கிறதா பாருங்கள், எதிரெதிராக நகர்ந்தால் பாஸ் (அடி ஒலி) மெலிந்துவிடும்.