கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள்

சேலம் அம்மாபேட்டை வீட்டுக் கொல்லையில் இட்லிப்பூவும் செவ்வந்தியும் வைத்தும் பட்டாம்பூச்சி தங்கவில்லை, கறிவேப்பிலையைப் புழு தின்கிறது, வேப்பெண்ணெய் அடிக்கிறேன் என்கிறீர்கள். முதலில் அந்த எண்ணெயை நிறுத்துங்கள். நீங்கள் கொல்வது பெரும்பாலும் பட்டாம்பூச்சிக் குஞ்சைத்தான்!

கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு சின்னதில் காக்கா எச்சம் மாதிரி இலைமேல் ஒட்டிக் கிடக்கும். வளர்ந்தால் பச்சை. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு நீட்டி ஒரு நெடி விடும், கடிக்காது.

பூ தேன் குடிக்க மட்டும்தான். முட்டையிட இலை வேண்டும். சமையலுக்குத் தனியாக ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்து வலை கட்டிவிடுங்கள். அப்புறம் மூலையில் ஓர் எருக்கு. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். சேலம் வெயிலை எருக்கு சட்டையே செய்யாது. ஒடிக்கும்போது பால் மட்டும் கண்ணில் படக்கூடாது.