ஹேண்டில்பாரை மாற்றலாமா?

கேள்வி: நீண்ட தூரம் பைக் ஓட்டினால் மணிக்கட்டும் முதுகும் வலிக்கின்றன. உயரமான ஹேண்டில்பார் போட்டால் கெத்தாகவும் இருக்கும் என்கிறான் நண்பன். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் முதலில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தி, இருக்கிற பாரையே கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்து ஓட்டிப் பாருங்கள், பாதி வலி அதிலேயே குறையலாம். மாற்றியே தீருவதென்றால் விட்டத்தைக் கவனியுங்கள், 22 மி.மீ. கிளாம்பில் 28 மி.மீ. பார் உட்காராது. உயரம் கூடினால் கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களும் பிரேக் ஆயில் போகும் ஹோஸும் எட்ட வேண்டும். மாட்டியதும் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யாமல் ரோட்டில் இறங்காதீர்கள். அப்புறம் அந்தக் கெத்து: ரொம்ப உயர்த்தினால் வேகத்தில் காற்று நெஞ்சில் மோதி, தோள் கடுக்கும். ஓரிரு அங்குலம் போதும், நண்பனுக்குப் போதாவிட்டால் அவன் பைக்கில் போட்டுக்கொள்ளட்டும்.