300 மீட்டர்ல புல்லட் ஏன் இறங்குது?

அன்புள்ள அண்ணா,

ரெண்டாம் உலகப்போர் ஷூட்டர் கேம் ஒண்ணு ரொம்ப நாளா ஆடிட்டு இருக்கேன். ட்ரெய்னிங் ரேஞ்ச்ல கார்98கேங்கிற ஜெர்மன் ரைஃபிளை எடுத்து சைட்டை (குறி பாக்குற பாகம்) 100ல வச்சு சுட்டா, 100 மீட்டர்ல குறி வச்ச இடத்துலயே படுது. 300 மீட்டர்ல தலைக்கு வச்சா நெஞ்சுக்குக் கீழ போய் படுது. நிஜ ரைஃபிள் இவ்வளவு இறங்காது, கேம்காரங்க இஷ்டத்துக்கு வச்சிருக்காங்கன்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றான். இன்னொருத்தன் சோவியத் ரைஃபிள் மோசின்தான் அக்யூரேட், கார்98கே சிதறும்ங்கிறான். அஞ்சு ரவுண்டு சுட்டுப் பாத்தேன், ஒண்ணும் பிடிபடல. இதை எப்படி சரியா டெஸ்ட் பண்றது?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்க பாத்த இறக்கம் நிஜத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். கார்98கே குண்டு சுமார் 760 மீட்டர்/நொடி வேகத்துல கிளம்பும். பேரலை விட்ட நொடியிலருந்தே அது விழுந்துகிட்டுதான் இருக்கு, 100 மீட்டர் போறதுக்குள்ளயே எட்டரை சென்டிமீட்டர் விழுந்துடும், அதை ஈடுகட்டத்தான் சைட் பேரலை லேசா மேல தூக்க வைக்குது. அதே 100 செட்டிங்ல 300 மீட்டருக்கு சுட்டா, காற்றோட தடையை விட்டுட்டே கணக்குப் போட்டாலும் அரை மீட்டர் கீழ படும், காற்றையும் சேர்த்தா இன்னும் கீழதான். இறங்கவே இறங்காதுன்னா கார்98கே சைட்ல 100லருந்து 2000 மீட்டர் வரைக்கும் எதுக்கு கோடு போட்டு ஸ்லைடர் வச்சாங்கன்னு உங்க ஃப்ரெண்டைக் கேளுங்க.

இப்ப டெஸ்ட். சைட் செட்டிங்கை மாத்தாம, குப்புறப் படுத்து துப்பாக்கியை எதுமேலயாவது சாச்சு வச்சுகிட்டு, 100, 200, 300, 400 மீட்டர்ல ஒரே மாதிரி குறி வச்சு சுடுங்க, குறிக்கு எவ்வளவு கீழ படுதுன்னு குறிச்சுக்கோங்க. மொத்த இறக்கத்தை அப்படியே பாக்காதீங்க, அதுல சைட் செட்டிங்கும் கலந்திருக்கும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் எவ்வளவு கூடுதலா இறங்குதுன்னு பாருங்க. 760 வேகம், சாதாரண ஈர்ப்பு, காற்றுத் தடை இல்லாத கேம்னா 100ல 0, 200ல 17, 300ல 51, 400ல 102 சென்டிமீட்டர் வரும். அதாவது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கூடுற இறக்கம் 17, 34, 51ன்னு ஒவ்வொரு தடவையும் சரியா 17 ஏறுது. சைட்டை எப்படி ஜீரோ பண்ணியிருந்தாலும், அதாவது எந்த தூரத்துல சரியா படற மாதிரி வச்சிருந்தாலும், இந்த 17 மாறாது, அதான் இந்த முறையோட அழகு. உங்களுக்கு இந்த ஏத்தம் ஒரே அளவா இல்லாம தூரம் போகப்போக 19, 22ன்னு பெருசானா, கேம்ல காற்றுத் தடையும் வச்சிருக்காங்கன்னு அர்த்தம், அது நல்ல கேம்.

மோசினுக்கும் இதையே பண்ணுங்க. 91/30ங்கிற மோசின் மாடல்ல லேசான குண்டு கிட்டத்தட்ட 865 மீட்டர் வேகத்துல போகும், அதனால ஏத்தம் 13 சென்டிமீட்டர்தான் வரணும். ரெண்டு துப்பாக்கிக்கும் ஒரே நம்பர் வந்தா ஒரே வேகத்தைத்தான் ரெண்டுக்கும் போட்டிருக்காங்க, வெளித்தோற்றம் மட்டும்தான் வேற. ஏத்தம் 30, 40ன்னு வந்தா ஒண்ணு வேகத்தைக் குறைச்சிருக்காங்க, இல்ல ஈர்ப்பைக் கூட்டியிருக்காங்க. எதுன்னு தெரிஞ்சுக்க 60 ஃப்ரேம்ல வீடியோ எடுத்து, சுட்ட ஃப்ரேம்லருந்து 400 மீட்டர் சுவத்துல தூசி கிளம்புற ஃப்ரேம் வரைக்கும் எண்ணுங்க. 760ன்னா 32 ஃப்ரேம் பக்கத்துல வரும், காற்றுத் தடை இருந்தா கொஞ்சம் கூடும். 32 வந்தும் இறக்கம் ரெட்டிப்பா இருந்தா வேகத்துல கைவைக்கல, ஈர்ப்பைத்தான் கூட்டியிருக்காங்க.

அக்யூரஸி விஷயத்துல அஞ்சு ரவுண்டு எதுக்குமே பத்தாது, அஞ்சும் தற்செயலா ஒரே இடத்துல விழலாம், அடுத்த அஞ்சு அகலமா போகலாம். அதை விட முக்கியம், சிதறல் துப்பாக்கியோடதா உங்க கையோடதான்னு பிரிக்கணும். அதே வீடியோவுல 100 மீட்டர் ஷாட் எல்லாத்தையும் ட்ரிகர் அழுத்தின ஃப்ரேம்ல நிறுத்தி, முன் சைட்டோட நுனி எங்க இருந்துச்சுன்னு பாருங்க, அப்புறம் சுவத்துல ஓட்டை எங்க விழுந்துச்சுன்னு பாருங்க. ரெண்டும் ஒவ்வொரு தடவையும் ஒத்துப்போனா அந்த ரைஃபிளுக்கு சிதறலே வைக்கல, நீங்க பாத்தது முழுக்க மூச்சுக்கு ஆடுற ஸ்வே. கார்98கேல முன் சைட் கூம்பு மாதிரி, மோசின்ல வளையத்துக்குள்ள தூண் மாதிரி, ரெண்டுலயும் நுனியைத்தான் கணக்குல எடுக்கணும், நடுவை எடுத்தா கணக்கு கெட்டுடும்.

எது பெட்டர்ங்கிற சண்டைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்றேன். ஜெர்மன்காரங்களும் சரி, சோவியத்காரங்களும் சரி, ஸ்நைப்பருக்குக் கொடுக்க ஃபேக்டரியில வர்ற ரைஃபிள்கள்லருந்து நல்லா சுடறதைப் பொறுக்கி எடுத்துத்தான் ஸ்கோப் மாட்டினாங்க. ஒரே மாடல்லயே துப்பாக்கிக்குத் துப்பாக்கி அவ்வளவு வித்தியாசம் இருந்துச்சு. போதாக்குறைக்கு 91/30யை பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டிதான் ஜீரோ பண்ணுவாங்க, அதைக் கழட்டினா குண்டு படற இடமே மாறிடும்.

அடுத்து பிரிட்டிஷ் ரைஃபிள் லீ-என்ஃபீல்டை டெஸ்ட் பண்ணீங்கன்னா ஒண்ணு கவனிங்க, அதோட சைட் கஜக் கணக்கு. அதோட நம்பர் 4 மாடல்ல மடக்குற சைட் 300, 600 கஜத்துக்குத்தான், 300 கஜம்னா 274 மீட்டர். உங்க கேம் மேப் மீட்டர்ல இருந்தா, முதல்ல கஜத்தை மீட்டரா மாத்திட்டு சுடுங்க, நாலு தூரத்துக்கும் வந்த நம்பரை எனக்கு அனுப்புங்க.