பழைய லேப்டாப் சூடாகி அணைகிறது: ஐ7 போடலாமா?

அண்ணாச்சி, இப்போதைக்கு ஐ7 சிப் (லேப்டாப்பின் மூளையான ப்ராசஸர்) வாங்காதீங்க. உங்க லேப்டாப்பில் இப்போது இருக்கும் ஐ3-2350எம் 35 வாட் சிப்; வாட் கூடினால் சூடும் கூடும். நீங்க பார்த்து வைத்திருக்கும் ஐ7-2670க்யூஎம் 45 வாட். 35 வாட்டுக்கே தாங்காமல் அரை மணி நேரத்தில் அணையும் மெஷினில் அதைப் போட்டால் சூடு இன்னும் ஏறும்.

அம்பாசமுத்திரத்தில் ரைஸ்மில் பக்கத்தில் கடை என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். ஆனி, ஆடிக் காற்றில் பறக்கும் உமித்தூசி ஃபேனுக்கும் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் போகாது, கழற்றித்தான் எடுக்க வேண்டும். பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இருக்கும்; காய்ந்துபோன பழைய பேஸ்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, புதுசு ஒரு அரிசி அளவு வைத்தால் போதும். ஹீட்சிங்க் திருகாணிகள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருந்தால் அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் சிப்பின் மூலை உடைய வாய்ப்பு உண்டு.

அதற்கப்புறமும் வேகம் போதவில்லையா? ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு டிரைவ்) போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள். உங்கள் டைப்பிங், பிரிண்ட் வேலைக்கு வித்தியாசம் இதில்தான் தெரியும்.

சிப்பை மாற்றியே தீர வேண்டும் என்றால் அதே 35 வாட்டில் வரும் ஐ5-2520எம் பாருங்கள். வாங்குமுன் உங்கள் போர்டில் சிப் சாக்கெட்டில் (கழற்றி மாட்டக்கூடிய இடத்தில்) இருக்கிறதா, போர்டோடு சால்டர் (பற்றவைப்பு) செய்ததா என்று கழற்றும்போதே பார்த்துவிடுங்கள். சால்டர் என்றால் மாற்றும் பேச்சே வேண்டாம்.