1812 போருக்குக் காரணம் கடலா, கனடாவா?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். 1812-இல் அமெரிக்கா பிரிட்டன் மீது போர் தொடுத்ததற்கு, மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துச் சென்றதே காரணம் என்கிறது ஒரு பாடநூல். கனடா மீதிருந்த நில ஆசையே காரணம் என்கிறது இன்னொன்று. தேர்வில் எதை முதன்மைப்படுத்துவது?

பதில்: கடலை முதன்மைப்படுத்துங்கள். ஆனால் காரணங்களை அடுக்கிவிட்டு நிறுத்தாமல், போரைத் தவிர்க்க அமெரிக்கா நாடிய வழிகள் ஒவ்வொன்றாக எப்படி அடைபட்டன என்று காட்டுங்கள். பெரும்பாலான விடைகள் கோட்டைவிடுவது இங்கேதான்.

1794-இல் அமெரிக்கத் தூதர் ஜான் ஜே செய்த உடன்படிக்கையின்படி அமெரிக்காவின் வடமேற்கிலிருந்த கோட்டைகளைப் பிரிட்டன் 1796-இல் காலி செய்ததை ஒரு வரியில் சொன்னால் போதும். 1803-இல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் மறுபடி போர் மூண்ட பிறகே சிக்கல் முற்றியது. நெப்போலியனின் 1806 பெர்லின் ஆணையும் பிரிட்டனின் 1807 அரசவை ஆணைகளும் எதிரியோடு வணிகம் செய்வதைத் தடுத்து, அமெரிக்கா போன்ற நடுநிலை நாடுகளின் கப்பல்களை இருபுறமும் நெருக்கின. ஆள் பற்றாக்குறையில் தவித்த பிரிட்டிஷ் கடற்படை, அமெரிக்கக் கப்பல்களில் ஏறித் தன் நாட்டில் பிறந்தவர்கள் என்று கருதியவர்களைப் பிடித்துச் சென்றது. பிரிட்டனில் பிறந்தவர் என்றைக்கும் அந்த மன்னரின் குடியே என்றது லண்டன். குடியுரிமை பெற்றவர் அமெரிக்கரே என்றது வாஷிங்டன். சமரசத்துக்கு இதில் இடமே இல்லை. இது குறித்த உறுதிமொழி இல்லாததால்தான், அமெரிக்கத் தூதர்கள் மன்ரோவும் பிங்க்னியும் பிரிட்டனுடன் 1806 டிசம்பரில் கையெழுத்திட்ட உடன்படிக்கையை அதிபர் ஜெஃபர்சன் செனட் சபையின் ஒப்புதலுக்கே அனுப்பவில்லை.

செசபீக் நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே எழுதுங்கள். 1807 ஜூன் 22 அன்று நார்ஃபோக்கிலிருந்து புறப்பட்ட இந்த அமெரிக்கப் போர்க்கப்பலை லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் மறித்து, தப்பியோடிய மாலுமிகளைத் தேட வேண்டும் என்றது. கப்பலுக்குப் பொறுப்பாயிருந்த ஜேம்ஸ் பாரன் மறுத்ததும் குண்டுகள் பாய்ந்தன. தளத்தில் பயணச் சரக்குகள் கிடந்தன. பீரங்கிகள் ஆயத்தமாக இல்லை. லெஃப்டினன்ட் வில்லியம் ஆலன் சமையல் அடுப்பிலிருந்து எடுத்துவந்த தணலை வைத்து ஒரே ஒரு பீரங்கியைத்தான் வெடிக்க முடிந்தது. அங்கேயே மூவர் இறந்தனர். பிடித்துச் செல்லப்பட்ட நால்வரில் மூவர் அமெரிக்கர்.

நாடே கொதித்தது. ஆனால் ஜெஃபர்சன் போருக்குப் போகாமல், வெளிநாட்டு வணிகத்தையே நிறுத்தும் தடையை ஆயுதமாக்கினார். அதனால் 1807-இல் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி மறு ஆண்டே 2.2 கோடியாகச் சரிந்தது. அடி விழுந்ததோ அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு. 1809-இல் அந்தத் தடையை விலக்கிப் பிரிட்டனோடும் பிரான்சோடும் மட்டும் வணிகத்தை நிறுத்தியும் பயனில்லை. 1810-இல் நெப்போலியன் தன் ஆணைகளை விலக்குவதாகச் சொன்னதை நம்பி, அடுத்த அதிபர் மேடிசன் பிரிட்டனுக்கு எதிராக மட்டும் தடையைப் புதுப்பித்தார். அதற்குப் பிறகு போரைத் தவிர வேறு வழி அவர் கையில் மிஞ்சவில்லை என்பதே என் கருத்து.

கனடா அப்போது பிரிட்டன் வசம் இருந்தது; அந்த வாதத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஹென்றி கிளே போன்ற, மேற்கு மாநிலங்களைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் போருக்குக் குரல் கொடுத்தனர். கப்பல் வணிகத்தை நம்பியிருந்த நியூ இங்கிலாந்திலோ எதிர்ப்பே மிகுதி. பழங்குடியினருக்கும் அமெரிக்கப் படைக்கும் 1811-இல் நடந்த டிப்பெகானூ சண்டைக்குப் பிறகு, பழங்குடித் தலைவர் டெகும்சேயைப் பிரிட்டன் தூண்டிவிடுகிறது என்ற கோபம் எல்லைப்புறத்தில் மூண்டது. தம் மக்களின் நிலம் பறிபோவதைத் தடுக்கவே அவர் கூட்டணி கட்டினார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவரைப் பிரிட்டனின் கைப்பாவையாக எழுதுவது பெரும் அநீதி.

இரண்டில் எது கனமானது என்பதைத் தேதிகளை வைத்து நிறுவுங்கள். பிரதிநிதிகள் சபையில் 79–49, செனட் சபையில் 19–13 என நிறைவேறிய போர்த் தீர்மானத்தில் மேடிசன் 1812 ஜூன் 18 அன்று கையெழுத்திட்டார். ஐந்தே நாளில், ஜூன் 23 அன்று, அரசவை ஆணைகளைப் பிரிட்டன் விலக்கியது. அந்தச் செய்தி அட்லாண்டிக்கைக் கடந்து வந்த பின்னும் போர் நிற்கவில்லை. மாலுமிகளைப் பிடிப்பதைக் கைவிட்டால் சண்டையை நிறுத்தலாம் என்று லண்டனிலிருந்த அமெரிக்கப் பிரதிநிதி ஜோனதன் ரஸல் கேட்டார். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் காசல்ரே மறுத்துவிட்டார். கடைசிவரை தீராமல் நின்றது கடல் சிக்கலே என்பதை இது காட்டுகிறது.