விழித்திரைப் பரிசோதனை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

முகாம்களில் விழித்திரைப் படம் எடுப்பது என் வேலை. கண்ணாடி பவர் பற்றிக் கேட்காதீர்கள்.

சர்க்கரையால் விழித்திரை கெட்டிருப்பதை ஏஐ சரியாகச் சொல்லுமா?

படம் நன்றாக இருந்தால் சொல்லும். மருத்துவர் பார்க்காமலே முடிவு சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆர் மென்பொருளுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதற்கான ஆய்வில், லேசான நிலையைத் தாண்டிய பாதிப்பு இருந்தவர்களில் 87 சதவீதம் பேரை அது பிடித்தது. ஆனால் தாய்லாந்தில் கூகுளின் கருவியை 11 சிகிச்சை மையங்களில் வைத்தபோது, ஐந்தில் ஒரு படத்தைத் தரம் போதாதென்று தள்ளிவிட்டது. பல இடங்களில் அறை இருட்டாக இல்லை. வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா சுருங்கிக்கொள்ளும், படத்தின் ஓரம் பிறைபோலக் கறுக்கும். ஒரு கண்ணில் ஃபிளாஷ் அடித்ததும் மறுகண்ணும் சுருங்கும். அவசரப்படாமல் காத்திருந்து எடுங்கள். முதலில் ஜன்னலை மூடுங்கள்!

செல்போன் போதுமா?

விழித்திரைக்குத் தனி லென்ஸ் மாட்ட வேண்டும். பார்வையை அளக்க மட்டும் போன் போதும். கென்யாவில் சோதித்துப் பார்த்த பீக் அக்யூட்டி செயலியில், E எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நோயாளி கை காட்டுவார், சோதிப்பவர் அந்தப் பக்கம் திரையைத் தள்ளினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒத்துவரும்.

போனில் கண்ணைப் படமெடுத்து அனுப்பட்டுமா?

மேலே பாருங்கள்.

லேசர் சிகிச்சை வசதியே இல்லாத ஊரில் நோயைக் கண்டுபிடித்து என்ன பயன்? பயமுறுத்துகிறீர்கள்.

கோபம் நியாயம்தான். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிய ஒருவர், மறுவருடம் அதே சீட்டை நாலாய் மடித்துக் கொண்டுவந்தார். அதே கண்ணில் ரத்தக்கசிவு. போகச் சொன்ன இடம் ஒருநாள் பயணம், கூலி போய்விடும் என்றார்.

அப்படியென்றால் முகாமே வேண்டாமே?

அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. தேடாவிட்டால் தெரியவே தெரியாது. இப்போது படம் எடுத்த இடத்திலேயே முடிவைச் சொல்லி, சிகிச்சைக்குத் தேதி வாங்கி, கூட வர ஓர் ஆளையும் பேசிவிட்டுத்தான் அனுப்புகிறோம். இதற்கு வழியில்லையென்றால் கேமரா வாங்காதீர்கள்.

பிறகு யார் பணம் கொடுப்பது?

கேமரா வாங்கும்போதே அதையும் கணக்கில் சேருங்கள். இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவும் படத்தில் தெரியுமா?

அந்த நரம்பின் முனையில் உள்ள குழி பெரிதாக இருந்தால் சந்தேகப்படலாம். உறுதி செய்ய கண்ணின் அழுத்தமும் பக்கப்பார்வையும் பார்க்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு.

என் போனில் 108 மெகாபிக்சல்...

லென்ஸ் ஐயா, லென்ஸ்!

நேற்றிலிருந்து கண்முன் கறுப்புப் பொட்டுகள், மின்னல் வெட்டுகிறது. எந்தச் செயலி நல்லது?

செயலி எதுவும் வேண்டாம். இன்றே கண் மருத்துவரிடம் போங்கள், வண்டி ஓட்டாமல்.