கடல் குதிரையைப் பற்றி ஊரில் எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் கழிமுகத்தில் கடல் குதிரைகள் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாக்க ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து 40 வீடுகளில் கேள்வித்தாள் கொடுத்தோம். 'காப்பாற்ற வேண்டுமா?' என்றதற்கு எல்லோரும் 'ஆம்' என்றார்கள். கடற்புல் பகுதியில் இழுவலை போடாமல் இருக்க மட்டும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. எங்கே தவறினோம்?

பதில்: கேள்வியில்தான். வாசலில் வந்து நின்று 'காப்பாற்றலாமா?' என்று கேட்பவரிடம் யார் வேண்டாம் என்பார்கள்? அந்த 'ஆம்' உங்களுக்குக் காட்டிய மரியாதை, அவ்வளவுதான்.

வலை போடுகிறவருக்குக் கடல் குதிரை பெரும்பாலும் ஒரு பொருட்டே இல்லை. இறாலுக்கும் நண்டுக்கும் போகிற வலையில் கூடவே ஏறி வருவது அது. உலகச் சந்தையில் காய்ந்து விற்பனையாகும் கடல் குதிரைகளில் பெரும்பகுதி இப்படி இறால் இழுவலையில் தற்செயலாகச் சிக்கியதுதான். ஆகவே வலையிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்: போன வாரம் என்னென்ன ஏறியது? புல் முன்பு எதுவரை இருந்தது? கடல் குதிரைக்கு நீந்த வராது என்றே சொல்லலாம். புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு சின்ன வட்டத்துக்குள் வாழ்கிறது. புல் போனால் அதுவும் போச்சு. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அதே புல்லில்தான் என்பதால், புல்லைப் பற்றிக் கேட்டால் அவர் தன் பிழைப்பைப் பற்றியே பேசுவார்.

பெரியவர்கள் சொன்னதையும் இளைஞர்கள் சொன்னதையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்ததையே இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்கிறது என்று மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995இல் எழுதினார். ஆண்டைக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. 'படகுக்கு இன்ஜின் வைப்பதற்கு முன்பா, பின்பா?' என்று கேளுங்கள், சரியாக வரும். படம் காட்டும்போது உங்கள் பக்கம் இல்லவே இல்லாத ஓர் இனத்தையும் கலந்து வையுங்கள். 'அதையும் பார்த்திருக்கிறேன்' என்பவரின் மற்ற பதில்களைக் கொஞ்சம் நிதானித்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முகத்துவாரம் எப்போது அடைபட்டது, எப்போது திறந்தது என்பதையும் விடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் சில கழிமுகங்களில் மட்டுமே வாழும் நைஸ்னா கடல் குதிரைகள், 1991இல் ஸ்வார்ட்விளை என்ற கழிமுகத்தின் முகத்துவாரம் உடைந்து நீர்மட்டம் இறங்கியபோது ஆயிரக்கணக்கில் செத்தன. அதே இனம் நைஸ்னா கழிமுகத்தில், படகுத்துறைக் கால்வாய்க் கரைகளில் கல் நிரப்பிப் போட்ட கம்பிக்கூடுகளில், இயற்கையான புல்வெளியைவிட நெருக்கமாகக் குடியேறியதும் உண்டு! கட்டுமானம் என்றாலே எதிரி என்ற முடிவோடு நீங்கள் போயிருந்தால் இதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

விற்பனை பற்றி நேரடியாகக் கேட்காதீர்கள். 2004 முதல் கடல் குதிரைகளின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் என்ற, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சில நாடுகளில் பிடிப்பதே குற்றம். தாளில் பெயர் வேண்டாம், கண்ட இடத்தை வரைபடத்தில் குறித்துப் பகிரவும் வேண்டாம்.

அப்புறம், இழுவலை விஷயம். பிலிப்பைன்ஸின் ஹண்டுமோன் கிராமத்தினர் இரவில் விளக்குடன் போய்க் கடல் குதிரை பிடித்தே பிழைத்தவர்கள். அவர்கள் 1995இல் மீன்பிடிக்காமல் விட ஒதுக்கியது 33 ஹெக்டேர்தான். நீங்கள் கேட்டது மொத்தப் புல்லையும். ஒரு துண்டை மட்டும் விடுவதென்றால் எதை விடலாம் என்று உங்கள் ஊராரையே கோடு போடச் சொல்லுங்கள். முதலில் படகுக்காரர்களிடம் போக வேண்டாம். நீர் வடியும்போது நடந்தே சிப்பி பொறுக்குகிறவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்களிடமிருந்து தொடங்குங்கள்; புல்லை அன்றாடம் மிதித்துப் பழகியவர்கள் அவர்கள்தான்.